புகாருக்கும் அரிவாளுக்கும் இடைப்பட்ட நேரம்

கோடை விடுமுறை முடிந்து 2025 ஜூன் 2 அன்று தமிழ்நாட்டுப் பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டன. ஆண்டுதோறும் இத்தருணத்தில் தலைமையாசிரியர்களுக்கு வரும் அறிவுரைகள் ஏறத்தாழ மாறாதவை. குடிநீர்த் தொட்டியைக் கழுவ வேண்டும், பழுதான சுவரின் அருகே பிள்ளைகளை விடக்கூடாது, மின்கம்பிகளைச் சரிபார்க்க வேண்டும், வளாகத்தில் மண்டிய புதர்களை வெட்ட வேண்டும், திறந்த கிணற்றை மூட வேண்டும். இவை அனைத்தும் தேவையானவை. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியின் வகுப்பறைக்குள்ளேயே எட்டாம் வகுப்பு மாணவன் சக மாணவனை அரிவாளால் வெட்டியதையும், தடுக்கச் சென்ற ஆசிரியர் காயமுற்றதையும் அடுத்து, புத்தகப் பைகளைச் சோதிக்க வேண்டும் என்ற பேச்சும் இப்பட்டியலில் சேர்ந்துள்ளது.

பள்ளிப் பாதுகாப்பு என்று நம் அரசுகள் எதைக் கருதுகின்றன என்பதை இப்பட்டியல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இந்நாட்டில் அந்தச் சிந்தனை இரண்டு அச்சங்களிலிருந்து வளர்ந்தது. ஒன்று விபத்து, மற்றது வெளியாள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் மடிந்த பிறகுதான் பள்ளிக் கட்டடங்களின் கூரையையும் படிக்கட்டையும் அரசு கண்ணெடுத்துப் பார்த்தது. அத்தீவிபத்தின் தொடர்ச்சியாக எழுந்த அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் பயிலும் உரிமை கல்வி உரிமைக்குள் அடங்கியதே என்று உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. 2014 டிசம்பரில் பெஷாவர் பள்ளியில் நிகழ்ந்த படுகொலைக்குப் பின் சுற்றுச்சுவர், வாயிற்காவலர், கண்காணிப்புக் கேமரா என ஒன்றிய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு நெறிமுறைகளை அனுப்பியது. 2017இல் குருகிராமில் ஒரு தனியார் பள்ளிக்குள் சிறுவன் ஒருவன் கொல்லப்பட்டபோது, பள்ளி ஊழியர்களின் பின்னணியைக் காவல்துறை வழியாகச் சரிபார்க்க வேண்டும் என்ற கட்டளை வந்தது. ஒவ்வொரு பேரிடருக்கும் பிறகு ஒரு விதி எழுதப்பட்டது. நாடு கற்றுக்கொண்டது என்றே இதைச் சொல்ல வேண்டும்.

தலித் பிள்ளையைச் சூழும் ஆபத்து இவ்விரண்டு வகையிலும் அடங்குவதில்லை. அது சுற்றுச்சுவரைத் தாண்டிக் குதித்து வருவதில்லை. அதன் பெயர் அதே வருகைப்பதிவேட்டில் இருக்கிறது. அதே சீருடையை அணிகிறது, அதே பேருந்தில் ஏறுகிறது, மாலையில் அதே ஊருக்குத் திரும்புகிறது. வாயிற்காவலர் அதற்கு வணக்கம் சொல்லி உள்ளே விடுகிறார்.

2023 ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில் நடந்ததை அதன் கொடூரத்துக்காகப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அது நடந்த வரிசையை மறந்துவிட்டார்கள். வள்ளியூரில் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த தலித் மாணவன், உடன் படித்தவர்களின் தொடர் தொல்லை தாளாமல் பள்ளிக்குச் செல்வதை நிறுத்திக்கொண்டான். அவன் வராத காரணத்தைப் பள்ளி விசாரித்தது. அவன் சொன்னான். புகார் பெறப்பட்டது. அன்றிரவே அவன் வீட்டுக்குள் அரிவாள்களுடன் புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. தாக்கியதாகப் பிடிக்கப்பட்டோரில் அவனோடு படித்த சிறார்களும் இருந்தனர். (அவன் பெயரையும் முகத்தையும் அன்று பல ஊடகங்கள் வெளியிட்டன. இளஞ்சிறார் நீதிச் சட்டம் அதைத் தடை செய்கிறது. நாம் இங்கே பெயரைத் தவிர்க்கிறோம்.)

இந்த வரிசையில் நம்மை நிறுத்துவது ஒன்று உண்டு. வராத மாணவனைத் தேடிக் கேட்பது, பேச வைப்பது, புகாரைப் பெறுவது ஆகியவை நல்ல பள்ளி ஒன்று செய்ய வேண்டிய காரியங்கள் என்றே எந்தக் கையேடும் சொல்லும். அவை நடந்தன. அதன் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது எந்தக் கையேட்டிலும் எழுதப்படவில்லை. புகார் கொடுத்த பிள்ளை அன்று மாலை எந்த வழியாக வீடு திரும்புவான், அன்றிரவு எங்கே உறங்குவான், புகாரில் பெயர் உள்ளவர்களுக்குச் செய்தி யார் வாயிலாக, எப்போது போகும் என்ற கேள்விகளை எவரும் கேட்கவில்லை. பகலில் பெறப்பட்ட புகாருக்கும் இரவில் வந்த அரிவாளுக்கும் இடையில் சில மணி நேரம் இருந்தது. பள்ளிப் பாதுகாப்பு என்று நாம் பேச வேண்டியது அந்தச் சில மணி நேரத்தைப் பற்றித்தான்.

நம் ஊர்ப் பள்ளிகளில் சாதித் தொல்லை பற்றிய புகார் ஒன்று எப்படிக் கையாளப்படுகிறது என்பதை அறிந்தவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். ஆசிரியர் முதலில் செய்வது குற்றஞ்சாட்டப்பட்ட மாணவனைக் கூப்பிட்டு, "உன்மேல் இன்னார் புகார் சொல்கிறான், உண்மையா?" என்று கேட்பது. இதில் தீய நோக்கம் இருக்க வேண்டியதில்லை. இருதரப்பையும் கேட்பதுதானே நியாயம் என்று அவர் நினைக்கலாம். அடுத்த மணியடிப்பதற்குள் வகுப்பு முழுவதும் அது தெரிந்துவிடும். மாலைக்குள் ஊருக்குத் தெரியும். சேரியிலிருந்து வந்த ஒருவன் நம் பிள்ளைமேல் எழுதிக் கொடுத்துவிட்டான் என்பது அதன்பின் பள்ளி விவகாரமாக இருப்பதில்லை, ஊர் மானமாகிவிடுகிறது. பள்ளியோ மணி நான்கரைக்குப் பூட்டப்பட்டிருக்கும்.

பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டி வைக்கப்பட்டுள்ளது. 14417 என்ற உதவி எண் சுவர்களில் எழுதப்பட்டுள்ளது. 1098 நாடறிந்த எண். இவை புகாரைப் பெறுவதற்கான ஏற்பாடுகள். பெறுவது வரை இவற்றுக்குப் பொறுப்பு உண்டு. பெட்டியில் போடப்பட்ட தாள் அன்று திறக்கப்படுமா, ஒரு வாரம் கழித்தா என்பதையும், திறந்தவர் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவிக்கக் கடமைப்பட்டவரா என்பதையும் கேட்டால் விடை பள்ளிக்குப் பள்ளி மாறுகிறது. காப்பாற்றும் வழியை அமைக்காமல் வாய்திறக்கச் சொல்வது பிள்ளையை மேலும் ஆபத்தில் தள்ளுவதாகும். பல தலித் பெற்றோர் "எதையும் சொல்லாதே, படிப்பை முடித்துவிட்டு வெளியே போய்விடு" என்று பிள்ளைகளிடம் சொல்வதைக் கோழைத்தனமாக எண்ணுவோருக்கு இந்தக் கணக்கு தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் வியப்பான ஓர் இடைவெளி தென்படுகிறது. ஒரு பிள்ளை பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானது தெரிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காத தலைமையாசிரியர் போக்சோ சட்டத்தின்படி தண்டனைக்குரியவர். பகடிவதையிலும் அத்தகைய கடமை உண்டு. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவர் பகடிவதையில் கொல்லப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மகன் அவர். அடுத்த ஆண்டே தமிழ்நாடு பகடிவதைத் தடைச் சட்டத்தை இயற்றியது. புகார் வந்ததும் நிறுவனத் தலைவர் உடனே விசாரிக்க வேண்டும். உண்மை எனத் தோன்றினால் மாணவரை இடைநீக்கம் செய்து காவல்துறைக்கு அனுப்ப வேண்டும். புறக்கணித்தால் அவரே குற்றத்துக்கு உடந்தையானவராகக் கருதப்படுவார் என்று அச்சட்டம் கூறுகிறது. அந்த மாணவரின் சாவு எவர் நெஞ்சையும் உலுக்கக்கூடியது. சட்டம் வந்ததும் சரியே. ஆனால் ஒரே ஆண்டில் ஒரு சட்டத்தை இயற்றும் திறன் இந்த மாநிலத்துக்கு உண்டு என்பதை அது மெய்ப்பித்துவிட்டது.

சாதியின் பெயரால் ஒரு மாணவன் துன்புறுத்தப்படுவதை அறிந்தும் அறியாதவர்போல் இருக்கும் தலைமையாசிரியருக்கு அப்படித் தெளிவாக வரையறுக்கப்பட்ட பொறுப்பு எதுவும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு கடமை தவறும் அரசு ஊழியரைத் தண்டிக்கிறது. எனினும் அப்பிரிவு பட்டியலிடும் கடமைகள் புகாரைப் பதிவது, வாக்குமூலம் பெறுவது, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது எனப் பெரும்பாலும் காவல் நிலையத்தைச் சார்ந்தவை. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பை உரிமையாக்கியது. அதுவும் வழக்கு தொடங்கிய பிறகு பேசும் சட்டம். வழக்குக்கு முந்தைய அந்த முதல் மாலையைப் பற்றி அது பேசுவதில்லை.

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு 2024 ஜூன் 18 அன்று தன் அறிக்கையை முதல்வரிடம் அளித்தது. வருகைப்பதிவேட்டில் சாதி தெரியக்கூடாது, அகரவரிசையில் இருக்கை அமைய வேண்டும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர் நீக்கப்பட வேண்டும், அப்பகுதியின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமையாசிரியராகவும் கல்வி அலுவலராகவும் அமர்த்தக்கூடாது, 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் வேண்டும் என அது நெடிய பரிந்துரைகளைத் தந்தது. தனிச் சட்டம் ஒன்றையும் கோரியது. பொது விவாதமோ கைக்கயிறு, திருநீறு என்ற இரண்டு சொற்களில் சிக்கிக்கொண்டது. 2019இலும் இதுவே நடந்தது. சாதிக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வி இயக்குநர் அனுப்பிய சுற்றறிக்கையை, இந்து அடையாளத்தின் மீதான தாக்குதல் என்று பாஜக தலைவர்கள் எதிர்த்தார்கள். அன்றைய கல்வி அமைச்சர் பழைய நிலையே தொடரும் என்று சொல்லிப் பின்வாங்கினார்.

கயிற்றை அவிழ்ப்பது அவசியம் என்பதே நம் கருத்து. ஆயினும் கயிறு அறிகுறி மட்டுமே. யார் எந்தச் சாதி என்பதைத் தென் மாவட்டத்துப் பிள்ளைகள் கயிற்றைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. எந்த நிறுத்தத்தில் பேருந்து ஏறுகிறான் என்பதே போதும். குழுவின் பரிந்துரைகளில் நாம் மிக முக்கியமாகக் கருதுவது நல அலுவலர் பதவி. ஏனெனில் புகார் கேட்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர் பள்ளிக்குள் இருப்பார். இதில் நமக்கொரு தயக்கமும் உண்டு. சிற்றூர்களின் எத்தனையோ உயர்நிலைப் பள்ளிகள் 500 என்ற எண்ணிக்கையைத் தொடுவதே இல்லை. ஒரு வகுப்பில் இரண்டு மூன்று தலித் பிள்ளைகள் மட்டுமே படிக்கும் சிறிய பள்ளியில்தான் தனிமை கூடுதல். பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றை இணைத்தேனும் ஓர் அலுவலரை அமர்த்த முடியும்.

அறிக்கை குறித்த பேச்சுகளிலும் செய்திகளிலும் அடிக்கடி வரும் 'மாணவர் மோதல்' என்ற சொல்லையும் இங்கே கவனிக்க வேண்டும். மோதல் என்றால் இரு தரப்பு. இரு தரப்பு என்றால் இரு தரப்பையும் அழைத்துச் சமாதானம் பேச வேண்டும், இரு தரப்பிலும் கையெழுத்து வாங்க வேண்டும், இரு தரப்பிலும் சிலரை மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்ப வேண்டும். வெட்டுப்பட்டவனும் வெட்டியவனும் அதே வாக்கியத்தில் சமமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். அமைதிக் கூட்டம் முடிந்ததும் தலித் மாணவனின் பெற்றோர்தான் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுகிறார்கள். பதிவேட்டில் அது 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதப்படுகிறது.

பள்ளிப் பாதுகாப்பின் எல்லை வாயிற்கதவோடு முடிந்துவிடுகிறது என்ற எண்ணமும் மாற வேண்டும். 2025 மார்ச் 10 அன்று ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வு எழுதப் பேருந்தில் சென்றுகொண்டிருந்த பதினோராம் வகுப்பு தலித் மாணவன் வழிமறித்து வெட்டப்பட்டான். இடக்கை விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் பெற்ற வெற்றியே பகைக்குக் காரணம் என்று குடும்பத்தார் கூறினர். அவன் பள்ளிக்குள்ளும் இல்லை, வீட்டிலும் இல்லை. எந்தத் துறையின் பொறுப்பில் அப்போது அவன் இருந்தான்? கல்வித் துறையைக் கேட்டால் சாலையைக் காட்டும். போக்குவரத்துக் கழகமும் காவல் நிலையமும் தத்தம் எல்லையைச் சொல்லும். தேர்வு நாளில் வினாத்தாள் கட்டுக்கு ஆயுதக் காவல் உண்டு என்பதையும் சொல்லிவிட்டு நகர்கிறோம்.

ஆபத்து எந்த வழியில், எந்த நாளில் வரும் என்பது உள்ளூர்க் காவல் நிலையத்துக்குத் தெரியாத ஒன்றன்று. குருபூசை, நினைவு நாள், கோயில் கொடை, உள்ளாட்சித் தேர்தல், கபடிப் போட்டி என நாட்காட்டியே அதைச் சொல்லும். 2011 செப்டம்பர் 11, இமானுவேல் சேகரன் நினைவு நாளில் நடந்த பரமக்குடித் துப்பாக்கிச்சூட்டை எல்லோரும் அறிவர். அதற்கு இரண்டு நாள் முன்னதாக அம்மாவட்டத்தில் பதினோராம் வகுப்பு தலித் மாணவன் ஒருவன் கொல்லப்பட்டான் என்பதைப் பலர் மறந்திருப்பார்கள். அந்நாட்களுக்காக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் காவலர்கள் குவிக்கப்படுகிறார்கள். தலைவர்கள் வரும் சாலைக்கு ஒரு திட்டம் இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் நகரப் பேருந்துக்கு அத்தகைய திட்டம் இருப்பதாகத் தெரியவில்லை.

இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை அடையாளம் காண வேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவும், 1995ஆம் ஆண்டு விதிகளின் 3ஆவது விதியும் கூறுகின்றன. அப்பகுதியின் சட்டம் ஒழுங்கை மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் மதிப்பிட வேண்டும் என்பதும் அவ்விதியே. அப்படி அடையாளம் காணப்பட்ட பகுதியிலிருந்து, குற்றம் புரியக்கூடியவர் எனத் தோன்றும் ஒருவரை வெளியேற்றும் அதிகாரத்தை 10ஆவது பிரிவு சிறப்பு நீதிமன்றத்துக்கு வழங்குகிறது. இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில், பள்ளிப் பிள்ளைகள் தின்பண்டம் வாங்கக் கடைக்குப் போனபோது, ஊர்க் கட்டுப்பாடு இருப்பதாகச் சொல்லிக் கடைக்காரர் திருப்பியனுப்பிய காட்சி வெளியானது. கைது நடந்தது, கடை மூடி முத்திரையிடப்பட்டது, குற்றஞ்சாட்டப்பட்டோர் ஆறு மாதங்களுக்கு அவ்வூருக்குள் நுழையக்கூடாது என நீதிமன்றம் ஆணையிட்டது. காவல்துறை கேட்டது, நீதிமன்றம் தந்தது. பத்து ரூபாய்த் தின்பண்டத்துக்குப் பயன்பட்ட பிரிவு, உயிருக்கு அச்சுறுத்தல் உள்ள மாணவனுக்கு ஏன் பயன்படக்கூடாது?

மாவட்ட அளவில் அடையாளம் காணப்பட்ட பகுதிகளின் பட்டியலில் கிராமங்கள் இருக்கின்றன. அக்கிராமங்களின் பிள்ளைகள் எந்தப் பள்ளிகளில் படிக்கிறார்கள், எந்தத் தடத்தில், எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்பதை அதே தாளின் மறுபக்கத்தில் எழுதுவது ஒரு நாள் வேலை. அப்படி எழுதப்பட்டால் ஒரு பள்ளியில் புகார் வந்த நேரத்திலேயே என்ன நடக்க வேண்டும் என்பதையும் வகுத்துவிடலாம். புகார் கொடுத்தவர் பெயர் வகுப்பறைக்குள் செல்லாது. தலைமையாசிரியர் அன்று மாலைக்குள் காவல் நிலையத்துக்கும் ஆதிதிராவிடர் நல அலுவலருக்கும் எழுத்தில் தெரிவிப்பார். குற்றஞ்சாட்டப்பட்டோரை விசாரிப்பது அதற்குப் பிறகே, அதுவும் அவர்களுடைய பெற்றோரை அழைத்து, காவல்துறைக்குத் தகவல் போய்விட்டது என்று சொல்லியே நடக்கும். புகார் கொடுத்த குடும்பத்தை அன்றிரவு காவலர் ஒருவர் சென்று பார்ப்பார். அவர்கள் விரும்பினால் வேறிடத்தில் தங்க வைப்பார். இதில் கேமரா வாங்க வேண்டிய செலவுகூட இல்லை.

கேமராவைப் பற்றியும் பைச் சோதனையைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லலாம். இழிசொல்லைக் கேமரா பதிவதில்லை. நாங்குநேரியில் அரிவாள் புத்தகப் பையில் வரவில்லை. எவருடைய பை முதலில் திறக்கப்படும், எவருடைய பை பல்லிளித்து விடப்படும் என்ற ஐயமும் நமக்கு உண்டு. ஏனெனில் ஆபத்து எல்லா வேளையிலும் மாணவனின் உருவத்தில் வருவதில்லை. பெருந்துறை அருகே ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கொண்டு கழிப்பறையைச் சுத்தம் செய்ய வைத்ததாகப் புகார் எழுந்து, 2022 டிசம்பரில் அப்பள்ளியின் தலைமையாசிரியர் கைது செய்யப்பட்டார். ஒரு பிள்ளை காய்ச்சலில் விழுந்த பிறகே பெற்றோருக்கு அது தெரியவந்தது. பாதுகாப்புத் திட்டத்துக்குத் தலைவராகத் தலைமையாசிரியரை மட்டும் அமர்த்துவது ஏன் போதாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

தாக்கிய சிறார்களைப் பற்றியும் நாம் பேசியாக வேண்டும். அவர்களை வயது வந்தோராகக் கருதி விசாரிக்க வேண்டும் என்ற கூக்குரல் ஒவ்வொரு முறையும் எழுகிறது. அதில் நமக்கு உடன்பாடில்லை. பதினேழு வயதுக்காரன் சிறைக்குப் போவான். அவன் கைக்கு அரிவாளும் நெஞ்சுக்குப் பெருமிதமும் தந்த சங்கத்துப் பெரியவர் அடுத்த ஆண்டு குருபூசைப் பதாகையில் சிரித்துக்கொண்டிருப்பார். அவரை அடையும் விசாரணை ஒன்று நடந்ததாக இதுவரை நாம் கேள்விப்படவில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். நலிந்த பிரிவினருக்கு மக்கள்தொகைக்கேற்ற இடமும் பெண்களுக்குப் பாதி இடமும் உண்டு. அடுத்த கூட்டத்தில் சேரிப் பெற்றோர் எழுப்பக்கூடிய கேள்வி எளியது: சாதித் தொல்லை பற்றி இன்று காலை ஒரு பிள்ளை புகார் கொடுத்தால் இன்று மாலைக்குள் யார், யாருக்கு, எதை எழுதுவார்? விடையைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்ல வேண்டும். அதன் நகலை மாவட்ட ஆட்சியரின் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வருகிறது, அதே மாதத்தில் 11ஆம் தேதியும் வருகிறது. அதற்கு முன் அக்குழு கூடுவதற்கு ஜூலையும் ஆகஸ்டும் இருக்கின்றன.